நிணநீர் வீக்கம்: தோலுக்கடியில் தேங்குவதை எப்படி வடிப்பது?

உட்கார்ந்த இடத்திலேயே ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். காலில் கட்டைவிரலுக்கு அடுத்த விரல் பாதத்தோடு சேரும் இடம் இருக்கிறதல்லவா, அங்கே மேல்பக்கத் தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்குங்கள். மெல்லிய மடிப்பாகத் தோல் கையோடு வந்துவிட்டதா? சரி. அப்படி வராமல், தோல் தடித்துப்போய், கிள்ளவே பிடி கிடைக்காமல் இருந்தால் அது நிணநீர் வீக்கத்தின் அடையாளம். ஸ்டெம்மர் சோதனை என்று இதற்குப் பெயர். எந்தக் கருவியும் வேண்டாம், பத்து வினாடிகூட ஆகாது. ஒரு எச்சரிக்கை மட்டும்: தோலைத் தூக்க முடியாவிட்டால் நோய் இருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம், தூக்க முடிந்ததால் நோயே இல்லை என்று முடிவு கட்டக்கூடாது. ஆரம்பத்தில் தோல் இளகியேதான் இருக்கும்.

இந்தச் சோதனையில் தொடங்கியதற்குக் காரணம் உண்டு. கால் வீங்கியிருக்கிறது, கை வீங்கியிருக்கிறது என்றதும் உள்ளே எங்கோ ஆழத்தில் தண்ணீர் கோத்திருப்பதாக நினைத்துக்கொள்கிறோம். நிணநீர் வீக்கம் பெரும்பாலும் தோலிலும் தோலை ஒட்டிய கொழுப்புப் படலத்திலும்தான் நடக்கிறது. அதற்குக் கீழே இருக்கும் தசையில் அவ்வளவாக இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டால் வைத்தியத்தில் பாதி தானாகவே புரிந்துவிடும். ஏன் மெதுவாகத் தடவச் சொல்கிறார்கள், ஏன் வெளியிலிருந்து கட்டுப் போடுகிறார்கள், விரல் இடுக்கில் வரும் ஒரு சாதாரண சேற்றுப்புண்ணுக்கு மருத்துவர் ஏன் அவ்வளவு பதறுகிறார் என்பதற்கெல்லாம் பதில் தோலில்தான் இருக்கிறது.

நிணநீர் எங்கிருந்து வருகிறது?

ரத்தக் குழாய்களிலேயே மிக நுண்ணியவை தந்துகிகள். அவற்றின் சுவர் வழியாக ரத்தத்தின் நீர்ப்பகுதி ஓயாமல் கசிந்து திசுக்களுக்குள் போகிறது. செல்களுக்குச் சாப்பாடு கொண்டுபோவதே இந்தக் கசிவுதான். கசிந்ததை மறுபடி ரத்தத்தில் சேர்க்க உடலில் தனியாக ஒரு குழாய் வலை உண்டு. அதுதான் நிணநீர் மண்டலம். ஒரு நாளைக்குச் சில லிட்டர் இந்த வழியாகத் திரும்புகிறது. தண்ணீர் மட்டுமல்ல, ரத்தக் குழாய்க்குள் நேராகத் திரும்ப முடியாத பெரிய புரதங்களுக்கும் இது ஒன்றுதான் வழி.

இந்தக் குழாய்களின் ஆரம்ப முனைகள் தோலுக்கு அடியிலேயே இருக்கின்றன. அவற்றின் சுவர் செல்கள் ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்கும். ஒவ்வொன்றையும் மெல்லிய இழைகள் சுற்றியுள்ள திசுவோடு கட்டி வைத்திருக்கின்றன. தோல் கொஞ்சம் இழுபட்டால் இழை இழுபடும், ஓடு தூக்கிக்கொள்ளும், நீர் உள்ளே போகும். விட்டால் மூடிக்கொள்ளும், போனது திரும்பாது. உடலில் இதைவிட எளிமையான கதவு இருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்கு மேலே உள்ள பெரிய குழாய்களில் வரிசையாக வால்வுகள் உண்டு. குழாய்ச் சுவர் தானே நிமிடத்துக்குச் சில தடவை சுருங்கி நீரை மேலே தள்ளும். இதயம்போல் நடுவில் ஒரு பம்ப் கிடையாது. நடக்கும்போது தசை அழுத்துவது, மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் மாறுவது, இவை கூடுதல் உதவி. வழியில் கழுத்து, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் நிணநீர்க் கணுக்கள் கூட்டமாக உட்கார்ந்திருக்கின்றன. தொண்டைப் புண் வந்தால் நெறி கட்டிவிட்டது என்கிறோமே, அந்த நெறி இந்தக் கணுதான். எல்லாம் வடிகட்டி முடிந்தபின் நிணநீர் காறையெலும்புக்குப் பின்னால் பெரிய சிரையில் போய்க் கலக்கிறது.

வழி அடைபட்டால்

இந்த வலையில் எங்காவது ஒரு இடம் அறுந்தாலோ அடைபட்டாலோ பிறவியிலேயே குறைவாக அமைந்தாலோ கசிவு நிற்காது, வடிவது மட்டும் குறையும். அதுதான் நிணநீர் வீக்கம்.

உலகளவில் அதிகம் பேருக்கு இதைக் கொடுத்தது யானைக்கால் நோய். கொசு வழியாக உடலுக்குள் வரும் நூல்போன்ற புழுக்கள் நிணநீர்க் குழாய்க்குள்ளேயே குடியிருந்து அதைக் கெடுக்கின்றன. மாத்திரை ரத்தத்தில் உள்ள புழுக்குஞ்சுகளைக் கொல்லும், அடுத்தவருக்குப் பரவுவதைத் தடுக்கும். ஏற்கெனவே கெட்ட குழாயைச் சரிசெய்யாது. எத்தியோப்பியா போன்ற நாடுகளில் புழுவே இல்லாமலும் கால் இப்படி வீங்குகிறது. எரிமலைச் செம்மண்ணில் ஆண்டுக்கணக்காக வெறுங்காலோடு நடப்பவர்களின் தோல் வழியாக நுண்ணிய மண் துகள்கள் உள்ளே போவதால் வருவது அது.

இன்னொரு பெரிய காரணம் புற்றுநோய்ச் சிகிச்சை. மார்பகப் புற்றுக்காக அக்குள் கணுக்களை எடுத்தாலோ அங்கே கதிர்வீச்சு கொடுத்தாலோ கை வீங்கலாம். மார்பகப் புற்றுச் சிகிச்சை பெற்றவர்களில் ஏறத்தாழ 5ல் ஒருவருக்கு இது வருகிறது. புற்று முதலில் போய்ச் சேரக்கூடிய ஒன்றிரண்டு கணுக்களை மட்டும் எடுத்துச் சோதித்து அதோடு நிறுத்திக்கொண்டால் அபாயம் நன்றாகவே குறைகிறது. கருப்பை, கருப்பை வாய், புராஸ்டேட் போன்ற இடுப்புப் பகுதிப் புற்றுகளுக்கான சிகிச்சையில் கால் வீங்கும். எல்லாம் ஆறி, தழும்பும் மறைந்து, ஒன்றிரண்டு வருடம் கழித்துக்கூட வீக்கம் தலைகாட்டும். அதனால்தான் பலர் அதை அறுவைச் சிகிச்சையோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. உடல் பருமனும், நாள்பட்ட சிரைக் கோளாறும் தனியாகவோ கூட்டாகவோ இதே நிலைக்குக் கொண்டுவரலாம்.

எல்லா வீக்கமும் நிணநீர் வீக்கம் அல்ல. இரண்டு காலும் ஒரே மாதிரி வீங்கினால் முதலில் இதயம், சிறுநீரகம், கல்லீரல், சாப்பிடும் மாத்திரைகள் என்றுதான் தேடுவார்கள். ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின்கூடக் காலை வீங்க வைக்கும். ஒரே கால் திடீரென்று வீங்கி வலித்தால் சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டிய விஷயம் அது. காத்திருக்கக் கூடாது.

நாள் ஆக ஆக என்ன மாறுகிறது?

தொடக்கத்தில் சாயங்காலம் வீங்கும், இரவு காலை உயர்த்திப் படுத்தால் காலையில் வற்றியிருக்கும். விரலால் அழுத்தினால் குழி விழும். இந்தக் கட்டத்தில்தான் பலரும் சரியாகிவிடும் என்று விட்டுவிடுகிறார்கள். தேங்கிய நீரில் புரதம் இருக்கிறதே, அது சும்மா இருக்காது. அழற்சியைக் கிளப்பும், அழற்சி நார்த்திசுவை வளர்க்கும், கொழுப்பும் சேரும். அப்புறம் அழுத்தினாலும் குழி விழாது, உயர்த்தி வைத்தாலும் வற்றாது. கடைசிக் கட்டத்தில் தோல் தடித்து, கறுத்து, மருக்கள்போல் முளைத்துவிடும். ஆரம்பத்தில் நீராக இருந்தது போகப்போகத் திசுவாகிவிடுகிறது. நீரை வடித்துவிடலாம், திசுவாகிவிட்டதை எந்தக் கட்டாலும் வடிக்க முடியாது.

நீர் பிரியும் மாத்திரை ஏன் பயன்படுவதில்லை என்பதும் இங்கேயே தெரிந்துவிடும். அது தண்ணீரை இழுக்கும், புரதத்தை அங்கேயே விட்டுவிடும். புரதம் மறுபடி தண்ணீரைக் கூப்பிட்டுக்கொள்ளும். இதயத்துக்கோ ரத்த அழுத்தத்துக்கோ அந்த மாத்திரையைச் சாப்பிடுபவர்கள் நிறுத்த வேண்டாம். நிணநீர் வீக்கத்துக்காக மட்டும் அதை நம்பியிருப்பதில் அர்த்தமில்லை.

கட்டு: வைத்தியத்தின் முதுகெலும்பு

முழுமையான சிகிச்சையில் நான்கு வேலைகள் சேர்ந்து நடக்கும்: கட்டு, கையால் வடித்தல், உடற்பயிற்சி, தோல் பராமரிப்பு. முதல் கட்டம் சில வாரங்கள், பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் கையில். வீக்கம் இறங்கியபின் இரண்டாம் கட்டம் உங்கள் கையில், ஆயுள் முழுக்க. நான்கில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் நான் கட்டைத்தான் எடுப்பேன்.

கட்டு என்றதும் மருந்துக்கடையில் கிடைக்கும் கிரேப் பேண்டேஜ் ஞாபகம் வரும். அது இதற்கு ஆகாது. கிரேப் நன்றாக நீளும். நடக்கும்போது கெண்டைக்கால் தசை புடைத்தால் அதுவும் கூடவே விரிந்து கொடுத்துவிடும், அழுத்தமே விழாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது இறுக்கிப் பிடிக்கும். நமக்கு வேண்டியது இதற்கு நேர் எதிரானது: ஓய்வில் மென்மையாக இருக்க வேண்டும், அசையும்போது சுவர்போல் நிற்க வேண்டும். அதற்காகவே அதிகம் நீளாத பருத்திக் கட்டுத் துணிகள் இருக்கின்றன. ஒவ்வொரு அடி எடுத்துவைக்கும்போதும் தசை உள்ளிருந்து தள்ள, துணி வெளியிலிருந்து தாங்க, நடுவில் மாட்டிய நீர் மேலே நகர்கிறது.

ஒரு காலுக்குக் கட்டுவதைப் பக்கத்திலிருந்து பார்த்தால் வேலையின் நுணுக்கம் புரியும். முதலில் தோலில் களிம்பு, அதன்மேல் மெல்லிய பருத்தி உறை. பிறகு கால்விரல் ஒவ்வொன்றையும் குறுகலான துணியால் தனித்தனியாகச் சுற்றுகிறார்கள். விட்டுவிட்டால் கீழே தள்ளப்பட்ட நீர் விரலில் போய் நிற்கும். அடுத்து பஞ்சு அல்லது ஃபோம். கணுக்காலின் இரண்டு பக்கமும் குழிவு இருக்கிறது, முழங்காலுக்குப் பின்னாலும் இருக்கிறது, அவற்றை நிரப்பிக் காலை உருளையாக்குகிறார்கள். அதற்குப் பின்தான் கட்டுத் துணி, பாதத்திலிருந்து மேலே, இரண்டு மூன்று அடுக்காக. கீழே அழுத்தம் அதிகமாகவும் மேலே போகப்போகக் குறைவாகவும் இருக்க வேண்டும். இதற்காக இழுவையை மாற்ற வேண்டியதில்லை. ஒரே இழுவையில் சுற்றினாலும் சுற்றளவு குறைந்த கணுக்காலில் அழுத்தம் தானே கூடும், தொடையில் தானே குறையும். கட்டி முடித்ததும் விரல் நுனியைப் பார்க்க வேண்டும். நீலம் பாய்ந்தாலோ மரத்தாலோ வலித்தாலோ தயங்காமல் அவிழ்த்துவிட வேண்டும்.

காலுக்குப் போகும் தமனிகளில் அடைப்பு உள்ளவர்களுக்கும், கட்டுக்குள் வராத இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கும் இறுக்கமான கட்டு ஆபத்து. அதனால் முதல் தடவை கட்டுவதற்கு முன் மருத்துவர் நாடியையும், தேவைப்பட்டால் கணுக்காலில் ரத்த அழுத்தத்தையும் பார்த்துவிட வேண்டும்.

வீக்கம் இறங்கியதும் கட்டின் இடத்தை அழுத்த உறை எடுத்துக்கொள்ளும். காலுக்கு ஸ்டாக்கிங், கைக்கு ஸ்லீவ். அளவை எப்போது எடுப்பது என்பதில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். வீங்கிய காலுக்கு அளவெடுத்துத் தைத்த உறை வீங்கிய காலைத்தான் காப்பாற்றும். வடித்து முடித்தபின் எடுத்த அளவே அளவு. உறையின் அழுத்தம் கைக்கு 20 முதல் 30 மி.மீ. பாதரசம், காலுக்கு அதைவிட ஒரு படி கூட என்பது வழக்கம். சரியான எண்ணை உங்களைப் பார்ப்பவர்தான் சொல்ல வேண்டும். காலை எழுந்ததும், வீக்கம் ஏறுவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு நீவி ஏற்றினால் பாதிச் சிரமம் குறையும். மேல் விளிம்பை மடித்துவிடாதீர்கள். மடித்த இடத்தில் அழுத்தம் இரட்டிப்பாகி, கயிறு கட்டியதுபோல் ஆகிவிடும். துவைத்து மாற்ற இரண்டு ஜோடி வேண்டும், அன்றாடம் போட்டால் ஆறு மாதத்தில் தொய்ந்துவிடும். உறை சுலபமாக ஏறுகிறது, சுகமாக இருக்கிறது என்றால் சந்தோஷப்பட வேண்டாம், அது செத்துப்போய்விட்டது.

கையால் வடித்தல்

டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வோடரும் அவர் மனைவி எஸ்டிரிடும் 1930களில் பிரான்சில் உருவாக்கிய முறை இது. மசாஜ் என்ற சொல்லே இங்கே தப்பான எண்ணத்தைக் கொடுக்கிறது. எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்ப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தோலின்மேல் உள்ளங்கையைப் படிய வைத்து, தோலை மட்டும் மெதுவாக இழுத்து விடுவார்கள். இந்த இழுப்பு போய்ச் சேர வேண்டியது தோலுக்கடியில் இருக்கும் அந்த ஓட்டுக் கதவுகளுக்குத்தான். பலமாக அழுத்தினால் மெல்லிய குழாய்கள் நசுங்கிவிடும், அவ்வளவுதான்.

வரிசையும் விசித்திரமாகத் தோன்றும். கால் வீங்கியிருக்க, கழுத்திலிருந்தும் வயிற்றிலிருந்தும் தொடங்குவார்கள். போய்ச் சேருகிற இடத்தைக் காலி செய்யாமல் கீழிருந்து தள்ளிப் பயனில்லை. ஆழமாக மூச்சிழுத்து விடச் சொல்வதும் இதற்காகவே. இது நன்றாக இருக்கும், லேசாக உணர வைக்கும். ஆனால் கட்டு இல்லாமல் இதை மட்டும் செய்தால் வடித்தது சில மணி நேரத்தில் திரும்பிவிடும். கட்டோடு சேர்க்கும்போது கிடைக்கும் கூடுதல் பலனும் பெரிதல்ல என்றே ஆய்வுகள் சொல்கின்றன. மணிக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு இதை மட்டும் செய்து அனுப்புகிறவர்களிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருப்பது நல்லது.

உடற்பயிற்சி

கை வீங்கியவர் கனமான பொருளைத் தூக்கவே கூடாது என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். 2009ல் மார்பகப் புற்றிலிருந்து மீண்ட, கை வீக்கம் உள்ள 141 பெண்களை வைத்து நடந்த ஆய்வின் முடிவு வெளியானது. கொஞ்சம் கொஞ்சமாக எடையை ஏற்றி ஒரு வருடம் பளு தூக்கியவர்களுக்கு வீக்கம் கூடவில்லை. வீக்கம் திடீரென்று மோசமாவது குறைந்தது, பலமும் கூடியது. கண்காணிப்போடு, ஸ்லீவ் போட்டுக்கொண்டு, மிகக் குறைந்த எடையிலிருந்து தொடங்கினார்கள் என்பதை மறக்கக்கூடாது. நடை, நீச்சல், சைக்கிள் எல்லாமே நல்லதுதான். உடல் எடை அதிகமுள்ளவர்களுக்கு எடை குறைவதே ஒரு சிகிச்சை.

தோல்

நிணநீர் தேங்கிய இடத்தில் நோய் எதிர்ப்பும் தேங்கிவிடுகிறது. கிருமியோடு போராட வேண்டிய செல்கள் கணுவுக்குப் போய்வரும் வழி இதுதானே. அதனால் ஒரு சிராய்ப்பு, ஒரு நகச்சுத்து, விரல் இடுக்கில் ஒரு வெடிப்பு போதும், கிருமி உள்ளே போய் இரண்டு நாளில் கால் முழுக்கச் சிவந்து கொதிக்கும். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வரும். ஒவ்வொரு தடவை இப்படி வரும்போதும் இன்னும் சில நிணநீர்க் குழாய்கள் கெடும், கெட்டதால் வீக்கம் கூடும், வீக்கம் கூடியதால் அடுத்த தொற்று சுலபமாகும். யானைக்கால் முற்றிப்போவதில் பெரும் பங்கு இந்தச் சுழலுக்குத்தான்.

இதை உடைக்கும் ஆயுதம் சோப்பும் தண்ணீரும் துண்டும். தினமும் கழுவுங்கள், கழுவியபின் ஒவ்வொரு விரல் இடுக்கையும் விரித்துத் துண்டின் நுனியால் ஒற்றி எடுங்கள். ஈரம் நின்றால் சேற்றுப்புண், சேற்றுப்புண் இருந்தால் கிருமிக்கு வாசல் திறந்த மாதிரி. பூஞ்சைக் களிம்பை ஆறியதும் நிறுத்தாமல், சொன்ன நாள்வரை தடவுங்கள். இரவில் மாய்ஸ்சரைசர், காலையில் தடவினால் உறை வழுக்கும். நகத்தை ஒட்ட வெட்ட வேண்டாம், வெறுங்காலோடு நடக்க வேண்டாம்.

சிவப்பும் சூடும் காய்ச்சலும் வந்துவிட்டால் அன்றே ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும். வலி தணியும்வரை கட்டை நிறுத்தி வைக்கலாம், தணிந்ததும் மறுபடி போட்டுவிட வேண்டும். அடிக்கடி வருகிறவர்களுக்குக் குறைந்த அளவு பென்சிலினை மாதக்கணக்கில் கொடுப்பதுண்டு. கட்டே ஒரு தடுப்பு மருந்துதான் என்பதற்கும் சான்று இருக்கிறது. கால் வீக்கமும் திரும்பத் திரும்பத் தொற்றும் உள்ள 84 பேரிடம் நடந்து 2020ல் வெளியான ஆய்வில், அழுத்த உறை போட்டவர்களில் 15 சதவீதம் பேருக்கு மறுபடி தொற்று வந்தது. போடாதவர்களில் 40 சதவீதம். வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்திவிட்டார்கள்.

அக்குள் கணு எடுத்த பக்கத்துக் கையில் ஊசி போடக்கூடாது, ரத்த அழுத்தம் பார்க்கக்கூடாது என்பதற்கு இவ்வளவு வலுவான சான்று கிடையாது. மறு கை சும்மா இருக்கும்போது அதில் போடச் சொல்வதில் தப்பில்லை. அவசரத்தில் எந்தக் கையில் குத்தினார்கள் என்று அப்புறம் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

அறுவைச் சிகிச்சை

இரண்டு வகை. ஒன்று வழியைச் சரிசெய்வது: மைக்ரோஸ்கோப்பின் கீழ், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான நிணநீர்க் குழாயைப் பக்கத்துச் சிரையோடு இணைப்பது, அல்லது வேறு இடத்திலிருந்து கணுக்களை அவற்றின் ரத்தக் குழாயோடு எடுத்துப் பதிப்பது. குழாய்கள் இன்னும் உயிரோடு இருக்கும் ஆரம்பக் கட்டத்தில்தான் முதலாவது நன்றாகப் பலிக்கும். இன்னொன்று, நாராகவும் கொழுப்பாகவும் மாறிவிட்டதை உறிஞ்சி எடுக்கும் லைப்போசக்‌ஷன். இது அளவை நன்றாகவே குறைக்கும், ஆனால் வழியைத் திறக்காது. உறையைக் கழற்றினால் மறுபடி நிரம்பும். இனி ஸ்டாக்கிங்கே வேண்டாம் என்று யாராவது சத்தியம் செய்து தந்தால் இன்னொரு மருத்துவரிடமும் கேட்டுவிடுங்கள்.

அளவெடுக்கும் நாடா

வீட்டில் வாங்கி வைக்க வேண்டியது ஒரு தையல் நாடாதான். மணிக்கட்டிலிருந்து மேலே ஒவ்வொரு 4 செ.மீ.க்கும் ஒரு புள்ளி, எப்போதும் அதே புள்ளி, அதே நேரம், நாடா தோலைத் தொட வேண்டும், இறுக்கக்கூடாது. காலுக்குக் கணுக்காலிலிருந்து இதே மாதிரி. எந்தப் புள்ளியிலாவது மறு கையைவிட 2 செ.மீ. கூடினால் காட்டிவிட வேண்டும். நாடாவுக்கு முன்பே சிலருக்குக் கை சொல்லிவிடும்: மோதிரம் பிடிக்கும், சட்டைக் கையில் ஒரு பக்கம் மட்டும் தடம் விழும், வீக்கமே தெரியாதபோதும் கை கனக்கிறது என்பார்கள்.

அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருப்பவர்கள் ஒன்று செய்யலாம். போவதற்கு முன்பே இரண்டு கையையும் அளந்து எழுதி வையுங்கள். வலது கைப் பழக்கம் உள்ளவருக்கு வலது கை முதலிலிருந்தே சற்றுப் பெரிதாக இருக்கும். ஒரு வருடம் கழித்து நாடா ஒரு செ.மீ. கூடக் காட்டும்போது, அது பழைய ஒரு செ.மீ.யா புதியதா என்று அந்தத் தாளைப் பார்த்தால்தான் தெரியும்.